மட்டு

வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. டைகிரி என்னும் பானத்துக்கு வேண்டியவை இம்மூன்றே. பனிக்கட்டியோடு சேர்த்து மூடிய கலத்தில் பதினைந்து நொடி குலுக்கி, வடித்து, குளிர்ந்த கோப்பையில் ஊற்றினால் வேலை முடிந்தது. காக்டெயில் வகைகளில் இதைவிட எளிமையானவை அரிது. எளிமையாக இருப்பதாலேயே இதில் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. வெண்பாவில் ஒரு தளை தட்டினால் செவி உடனே கண்டுகொள்வது போல, இதில் புளிப்போ இனிப்போ ஒரு கரண்டி மிகுந்தால் நாக்கு கண்டுகொள்ளும்.

நாங்கள் இருவரும் கல்லூரி ஆசிரியர்கள். எங்களில் ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு வேதியியல். நாற்பதைக் கடந்த வயது. மாதத்தில் ஓரிரு சனிக்கிழமை மாலைகளில் வீட்டில் டைகிரி கலக்குவோம். ஆளுக்கு ஒரு கோப்பை, இரண்டாவது கிடையாது. இதை எழுதுவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தைப் பற்றியும் எழுதத்தான் போகிறோம். அதற்கு முன் பானத்தின் கதையைச் சொல்லிவிடுவது நல்லது; ஏனெனில் அக்கதை நம்மிடமிருந்து நாம் நினைக்கும் அளவுக்குத் தொலைவில் இல்லை.

டைகிரி என்பது ஓர் ஊரின் பெயர். கியூபாத் தீவின் தென்கிழக்குக் கரையில், சாந்தியாகோ நகருக்குக் கிழக்கே இருக்கும் சிற்றூர். அதை ஒட்டி இரும்புச் சுரங்கங்கள். 1898 ஜூன் மாதம், ஸ்பெயினோடு போரிட வந்த அமெரிக்கப் படை கரையிறங்கிய இடங்களுள் இவ்வூர்க் கடற்கரையும் ஒன்று. அக்காலத்தில் அங்கே சுரங்கப் பொறியாளராக இருந்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கர் இப்பானத்தைக் கலந்து ஊர்ப்பெயரையே அதற்கு இட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1909இல் லூசியஸ் ஜான்சன் என்ற கடற்படை அதிகாரி அதை வாஷிங்டனுக்குக் கொண்டுசென்று தம் படையதிகாரிகள் மன்றத்தில் அறிமுகப்படுத்தினார் என்றும் சொல்வார்கள்.

பெயரிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளலாம். கண்டுபிடித்தார் என்பதைத்தான் ஒப்ப மனம் வருவதில்லை. கரும்புச் சாராயத்தில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கும் வழக்கம் கியூப விடுதலைப் போராளிகளிடம் முன்பே இருந்தது. அதற்கும் முன்னே, 1740இல் எட்வர்ட் வெர்னன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி, மாலுமிகளுக்கு வழங்கும் ரம்மில் தண்ணீர் கலந்தே கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். வேண்டுவோர் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவ்வாணையின் ஒரு பகுதி. அந்த ஆணையின் நோக்கம் சுவை அன்று. குடித்துவிட்டுக் கப்பலில் நிலைதவறுவோரைக் குறைப்பது. ஆக, ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் நீரும் முதன்முதலாக ஓர் ஆணையில் ஒன்றுசேர்ந்தது குடியைக் கட்டுக்குள் வைக்கும் முயற்சியாகத்தான். இச்செய்தி எங்களுக்கு மிகவும் பிடித்தமானது.

இலக்கிய வாசகர்களுக்கு டைகிரி என்றதும் எர்னஸ்ட் ஹெமிங்வேயின் நினைவு வரும். ஹவானா நகரத்து ஃப்ளோரிடிட்டா மதுக்கூடத்தில் அவர் அமர்ந்த மூலையில் இன்று அவருடைய வெண்கலச் சிலை சாய்ந்து நிற்கிறது. அங்கே அவர் குடித்தது மூலப் பானம் அன்று. சர்க்கரையை நீக்கி, ரம்மை இரட்டிப்பாக்கி, பம்பளிமாசு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் சாறும் செர்ரிப் பழ மதுவும் சிறிது சேர்த்து அவருக்கென்றே செய்த ஒன்று. அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மாபெரும் எழுத்தாளர் ஒருவர் தம் நாக்குக்கு ஏற்ப ஒரு பானத்தை மாற்றிக்கொண்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாற்றத்தின் திசையை நாங்கள் கவனித்தோம். இனிப்பு போயிற்று; மது இரட்டித்தது. அவருடைய இறுதி ஆண்டுகளின் துயரம் யாவரும் அறிந்தது. கோப்பையைக் கையிலேந்திய அவருடைய படங்கள் எழுத்துக்கும் குடிக்கும் ஏதோ உறவு உண்டு என்ற மயக்கத்தைப் பல தலைமுறை இளைஞர்களுக்குக் கொடுத்தன. நம் சிற்றிதழ்ச் சூழலும் அம்மயக்கத்துக்கு விலை கொடுத்திருக்கிறது. பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை, வாசகர்கள் அறிவார்கள்.

இனி அந்த மூன்று பொருள்கள். கியூபாவில் 'லிமோன்' என்றால் பச்சைநிறச் சிறு காய். ஆங்கிலப் புத்தகங்கள் 'லைம்' என்று எழுதுவதும் அதையே. மேலைநாட்டுக் கடைகளில் இன்று மிகுதியாகக் கிடைக்கும் விதையற்ற பெரிய காய் வேறு இனம். கரீபியத் தீவுகளில் பழைய நாளில் வழங்கிய சிறு காய், நம் வீட்டு வாசலில் திருஷ்டிக்குத் தொங்குகிற அதே எலுமிச்சை. அது அமெரிக்கக் கண்டத்துப் பழம் அன்று. தென்கிழக்காசியப் பகுதியில் தோன்றி, இந்தியா வழியாக அரபு வணிகரோடு மத்தியதரைக் கடலுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியர் கப்பலில் கரீபியத் தீவுகளை அடைந்தது. கரும்பும் அவ்வாறே. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரும்பைத் தீவுகளுக்கு எடுத்துச் சென்றார். கரும்பு நம் நாட்டுக்கும் வெளியிலிருந்து வந்ததுதான் என்ற நினைவு நம் இலக்கியத்தில் உண்டு. அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் கலையோ இந்தியாவில் வளர்ந்து மேற்கே சென்றது. ஆங்கிலேயர் சர்க்கரைக்கு வழங்கும் சொல்லின் வேரே வடமொழிச் 'சர்க்கரா'தான். ஆகவே வீட்டில் டைகிரி கலக்கும்போது அந்நியமான எதையோ செய்கிறோம் என்ற எண்ணம் எங்களுக்கு வருவதில்லை. இங்கிருந்து புறப்பட்டுப் போனவை, நெடுந்தொலைவு சுற்றித் திரும்பி வந்திருக்கின்றன.

ஆனால் அந்தச் சுற்றுப்பயணம் இனிமையானது அன்று. கரீபியக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தோர் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கியூபாவில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1886இல்தான். டைகிரி பிறந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு வெறும் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு. பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமைகள் விடுதலை பெற்றதும், அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேற்றப்பட்டனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற நம் பெண்களுக்காகப் பாரதி பாடியதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், அத்லாந்திக்குக்கு அப்பால் அதே வெயிலில் அதே கரும்பை வெட்டிக்கொண்டு நின்ற இவர்களும் நினைவுக்கு வருவார்கள். சர்க்கரை ஆலையின் கழிவான பாகிலிருந்து வடிப்பதே பெரும்பாலான ரம். இதையெல்லாம் எண்ணிக்கொண்டு ஒருவர் ஒரு கோப்பையை மகிழ்ச்சியாக அருந்த முடியுமா என்று கேட்கலாம். காலைக் காப்பியில் சர்க்கரை போடும்போதும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் பதில். தெரிந்துகொண்டு அருந்துவது, தெரியாமல் அருந்துவதினும் மேல்.

இப்போது செய்முறை. இதற்கென்று தனிக்கலம் ஒன்றும் வேண்டியதில்லை. இறுக்கமான மூடியுள்ள சிறிய எவர்சில்வர் தூக்கு போதும். இருமல் மருந்துப் புட்டியோடு வருகிற, கோடு போட்ட அளவுமூடிதான் எங்கள் அளவுகோல். வடிப்பதற்குத் தேநீர் வடிகட்டி. ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, சர்க்கரைப் பாகு 15 மில்லி. இது ஒரு கோப்பைக்கு. சர்க்கரையை அப்படியே போட்டால் குளிர்ந்த மதுவில் எளிதில் கரையாது. அடியில் மணலாகத் தங்கும். ஆகவே சம அளவு சர்க்கரையும் நீரும் சேர்த்து, கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, ஆறவைத்த பாகு. கம்பிப் பதம் எல்லாம் தேவையில்லை. எலுமிச்சையை அப்போதே பிழிய வேண்டும். காலையில் பிழிந்து வைத்த சாறு மாலைக்குள் மணமிழந்து கசப்பேறிவிடும். தோலோடு போட்டு நசுக்கினாலும் கசக்கும். நம் ஊர்ப் பழம் சிறியதாகையால் ஒரு கோப்பைக்கு ஒன்றரை அல்லது இரண்டு பழம் பிடிக்கும். பழத்துக்குப் பழம் புளிப்பு வேறுபடும். வெயில் காலத்துப் பழம் ஒருவிதம், மழைக்காலத்துப் பழம் வேறுவிதம். எனவே குலுக்குவதற்கு முன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, வேண்டுமானால் அரைத் தேக்கரண்டிப் பாகைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். எந்தப் புத்தகத்து அளவும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

பனிக்கட்டி பெரிய துண்டுகளாக, தூக்கின் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பொடித்த பனிக்கட்டி விரைவில் உருகிப் பானத்தைத் தண்ணீராக்கிவிடும். மூடியை அழுத்திப் பிடித்து, இரு கைகளாலும் விசையாகக் குலுக்க வேண்டும். பத்து நொடிக்குள் தூக்கின் வெளிப்புறத்தில் வெண்பனி படரும், விரல்கள் மரத்துப்போகும். பதினைந்து நொடியில் நிறுத்திவிடலாம். உள்ளே காற்றும் குளிர்ந்து சுருங்குவதால் மூடி இறுகியிருக்கும். தட்டித்தான் திறக்க வேண்டும். வடித்த பானம் வெளிர்ந்து, மேலே மெல்லிய நுரையோடு இருக்கும். சாறு சேர்ந்த பானங்களைக் குலுக்குவதும், மது மட்டுமே சேர்ந்தவற்றைக் கரண்டியால் கலக்குவதும் இத்துறையின் பழைய மரபு. குலுக்கும்போது நுண்குமிழ்களாகக் காற்று புகுந்து புளிப்பின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. அதனால்தான் இதை உடனே அருந்த வேண்டும். கால்மணி நேரம் வைத்திருந்தால் குமிழ்கள் அடங்கி, வேறொரு பானமாகிவிடும்.

எங்களில் வேதியியல் கற்பிப்பவர் இதில் கவனிக்கச் சொல்வது நீரை. பனிக்கட்டி வெறுமனே தொட்டுக் குளிர்விப்பதில்லை, உருகிக் குளிர்விக்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அவ்வெப்பத்தைப் பானத்திடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மது கலந்த நீரின் உறைநிலை பூச்சியத்துக்குக் கீழே இருப்பதால், பானமும் பூச்சியத்துக்குக் கீழே போகிறது. குளிர்வதற்குக் கொடுக்கும் விலை நீர் சேர்வது. கோப்பையில் வந்து விழுவதில் ஏறக்குறைய கால் பங்கு உருகிய நீர். செய்முறைக் குறிப்பில் அதற்குப் பெயரில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் இது வெறும் காரமும் புளிப்புமாகத் தொண்டையை அறுக்கும். மூன்று பொருள் என்று தொடங்கினோம், உண்மையில் நான்கு. பெயர் சொல்லப்படாத நான்காவதுதான் மற்ற மூன்றையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது.

எங்களில் தமிழ் கற்பிப்பவர் கவனிக்கச் சொல்வது ஒரு சொல்லை. நம் பழைய நூல்களில் கள்ளுக்கு நறவு, தேறல், தோப்பி, பிழி, மட்டு என்று பல பெயர்கள். இவற்றுள் 'மட்டு' என்பதற்கு அளவு, எல்லை என்ற பொருளும் உண்டு. மட்டுப்படுத்துதல், மட்டற்ற மகிழ்ச்சி, மட்டுமரியாதை என்று நாம் நாள்தோறும் வழங்குவது இப்பொருளில். இரண்டும் வேறுவேறு வேரிலிருந்து வந்து ஒலியால் ஒன்றுபட்ட சொற்களாக இருக்கலாம். சொல்லாராய்ச்சி இங்கே நோக்கமன்று. கள்ளும் அளவும் ஒரே ஒலியில் அருகருகே கிடக்கின்றன என்பதே எங்களுக்குப் போதுமான வியப்பு.

வகுப்பறையில் இச்சொற்களைக் கடந்துபோவது அவ்வளவு எளிதன்று. யவனர் கொண்டுவந்த மது பாண்டியன் அவையில் பொற்கலத்தில் பரிமாறப்பட்டதை நக்கீரர் பாடியிருக்கிறார். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல், அவன் வீரத்திலிருந்து தொடங்குவதில்லை. கள்ளை அவன் பகிர்ந்துகொண்ட விதத்திலிருந்து தொடங்குகிறது. இப்பாடலை நடத்தும்போது வகுப்பில் பாதி சிரிக்கும். சிரிக்காத சிலரும் இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள். தலை குனிந்து குறிப்பேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வீட்டில் கள் என்பது பொற்கலமும் அன்று, பகிர்வும் அன்று; அது அம்மாவின் தாலி, தங்கையின் படிப்புக் கட்டணம், நள்ளிரவில் தட்டப்படும் கதவு. அதே பாடத்திட்டத்தில் திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையும் இருக்கிறது. ஔவையையும் வள்ளுவரையும் ஒரே வாரத்தில் நடத்த வேண்டிய ஆசிரியருக்கு, மது என்பது ஒருபோதும் வெறும் சுவை பற்றிய பேச்சாக இருக்க முடியாது. எங்கள் தயக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

அது எங்கள் வீட்டுக்குள்ளும் வருகிறது. எங்களில் ஒருவருடைய அண்ணன், பதினைந்து ஆண்டுகள் குடித்தார். லாரி ஓட்டுநர், பின்னர் ஓட்ட முடியாதவர். ஈரல் கெட்டு, மருத்துவமனையில் இருமுறை கிடந்து, மனநல மருத்துவர் ஒருவரின் பொறுமையாலும் அண்ணியின் பொறுமையாலும் மீண்டு, இப்போது ஆறாண்டுகளாகத் தொடுவதில்லை. மாதம் ஒருமுறை எங்களைப் பார்க்க வருவார். முதல்முறை அவர் வந்தபோது ரம் புட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் வைத்திருந்தோம். அவர் எப்படியோ அறிந்துகொண்டார்.

"ஒளிச்சு வைக்காதீங்க மாப்ள. ஒளிச்சு வச்சதைத் தேடித்தேடிக் குடிச்சவன் நான். ஒண்ணு வெளியில இருக்கட்டும், இல்லேன்னா வீட்லயே இல்லாம இருக்கட்டும்" என்றார்.

நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். அவர் வருகிற வாரங்களில் வீட்டில் ரம் இருக்காது. ஆனால் தூக்கை உள்ளே வைப்பதில்லை. அதே எலுமிச்சை, அதே பாகு, ரம்முக்குப் பதில் குளிர்ந்த நீர், ஒரு சிட்டிகை உப்பு. மூன்று கோப்பைக்கு மூன்று முறை குலுக்க வேண்டும். அதைக் குலுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகள். எங்களைவிட நன்றாகக் குலுக்குவார். முதல் முறை வடித்து ஊற்றி, ஒரு வாய் வைத்தவர், கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் முகர்ந்தார்.

"எலுமிச்சம்பழத்துக்கு இம்புட்டு வாசம் இருக்குன்னு இத்தனை வருசம் தெரியலையே பாப்பா" என்று தங்கையிடம் சொன்னார்.

அவர் குடித்த காலத்தில் எதையும் முகர்ந்ததில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கியவர். நம் ஊரில் பெரும்பாலோர் குடிப்பது அப்படித்தான். நின்றுகொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு தண்ணீர்ப் பொட்டலத்தோடு, ஏதோ தண்டனையை அனுபவித்து முடிப்பதைப் போல. ஒளிவும் விரைவும் அங்கே ஒன்றையொன்று வளர்க்கின்றன. இன்பத்துக்காகக் குடிப்பது என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் அதில் இன்பத்தைக் காணோம், மறதியைத்தான் காண்கிறோம். எண்ணி அளந்து, பிழிந்து, குலுக்கி, விரல் மரத்து, வடித்து அருந்துவதில் ஒரு மெத்தனம் உண்டு. அந்த மெத்தனம் நாவுக்கும் மூக்குக்கும் வேலை கொடுக்கிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, அளந்து குடித்தால் கேடில்லை என்ற முடிவுக்கு நாங்கள் வரவில்லை. வாசகரும் வந்துவிட வேண்டாம். மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று ஆய்வாளர்கள் வகைப்படுத்திப் பல்லாண்டுகள் ஆகின்றன. மது அருந்துவதில் உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. மருந்துமூடியால் அளந்து ஊற்றினாலும் அது மருந்தாகிவிடாது. அளவு என்பது எல்லாருக்கும் பொதுவான ஒரு கோடும் அன்று. எங்களுக்கு ஒரு கோப்பை என்பது அளவு. அண்ணனுக்கு ஒரு துளியும் இல்லை என்பது அளவு. இரண்டாவதுதான் கடினமானது. அதை ஒவ்வொரு நாளும் புதிதாக அளக்க வேண்டியிருக்கிறது. அவ்வகையில் எங்கள் வீட்டில் மட்டு அறிந்தவர் யார் என்று கேட்டால், எங்கள் இருவரில் ஒருவர் பெயரும் முதலில் வராது.

ரம் உள்ள கோப்பையையும் இல்லாத கோப்பையையும் பலமுறை அருந்திப் பார்த்தபின் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றல்ல, ரம் இல்லாதபோது கரும்பின் அந்தப் பின்மணமும் தொண்டையில் எழும் சூடும் இல்லை. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் முகம் மலரச் செய்யும் பகுதி, புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அந்தக் கணம், பனிக்கட்டி உருகித் தந்த குளிர்ச்சி, மேலே நிற்கும் மெல்லிய நுரை எல்லாம் அப்படியே இருக்கின்றன. டைகிரியின் அழகில் பெரும்பங்கு ரம்மைச் சார்ந்ததன்று என்று எங்களுக்குக் காட்டியவர், அதை ரம்மோடு ஒருபோதும் அருந்தாத ஒருவர்.

வரும் சனிக்கிழமை அவர் வருகிறார். எலுமிச்சை விலை இப்போது ஏறியிருக்கிறது. தாம் வரும்போது ஊரிலிருந்தே ஒரு பை பழம் கொண்டுவருவதாகவும், பாகை மட்டும் காய்ச்சி ஆறவைத்திருக்கும்படியும் தொலைபேசியில் சொன்னார்.